பூட்டிக் கிடக்கும் காலனியக் கால வீட்டுக்குப் புதிய பயன் தேடுவது எப்படி?

புதுச்சேரியின் கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும், டேனியர் 1620 முதல் 1845 வரை வைத்திருந்த தரங்கம்பாடியிலும், சென்னையின் எழும்பூர், இராயப்பேட்டை, அடையாறு பகுதிகளிலும், நீலகிரியின் சரிவுகளிலும் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் எழுந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றின் வாசலில் பூட்டுத் தொங்குகிறது. வாரிசுகள் வெளியூர்களில் இருப்பார்கள்; பாகம் பிரிப்பதில் இழுபறி இருக்கும்; பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் குடும்பம் வேறு வீட்டுக்கு மாறியிருக்கும். இப்படிப்பட்ட வீடு ஒன்று கைக்கு வந்ததும் உரிமையாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது, இதை விடுதியாக்கலாமா, உணவகமாக்கலாமா என்பதைத்தான். உண்மையில் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. வீடு எதைத் தாங்கும் என்பதை முதலில் அறிந்துகொண்டு, தாங்கக்கூடியவற்றுள் எது நமக்கு வேண்டும் என்று பிறகு தேர்ந்தெடுத்தால் செலவும் சேதமும் குறையும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் மழைநீர்

பயன் முடிவாகி, அனுமதி கிடைத்து, பணம் திரண்டு, வேலை தொடங்குவதற்குள் இரண்டு மூன்று மழைக்காலங்கள் கடந்துவிடக்கூடும். அதுவரை வீடு நிற்க வேண்டும். ஆளில்லாத வீட்டை அழிப்பது பெரும்பாலும் வயதன்று. கவனிப்பாரற்று உள்ளே இறங்கும் நீர்தான். புதுச்சேரியின் பழைய நகர மன்றக் கட்டிடமான மேரி, 1870-களில் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் பழுதுற்றுக் கிடந்து, 2014 நவம்பரில் மழைக்குப் பின் இடிந்து விழுந்தது. இன்று கடற்கரையில் நிற்பது பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்ட கட்டிடம். அரசுக் கட்டிடத்துக்கே இந்த நிலை என்றால், தனியார் வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். மழைநீர் வெளியேறும் துளைகளான தூம்புகளிலும் வடிகுழாய்களிலும் அடைத்திருக்கும் இலைச் சருகு, மண், பறவைக் கூடு ஆகியவற்றை அகற்றி, ஒரு குடம் நீரை ஊற்றி, அது எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரிலோ சன்னல் மேற்பகுதியிலோ ஆலஞ்செடி, அரசஞ்செடி முளைத்திருந்தால் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது; வேர் சுவருக்குள் ஓடியிருக்கும், இழுத்தால் கற்களும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் வேர்க்கொல்லி மருந்திட்டு, வேர் பட்டுப்போன பிறகு அதை எடுத்துவிட்டு, இடைவெளியைச் சுண்ணாம்புக் கலவையால் அடைப்பதே முறை. கசிவு கடுமையாக இருக்கும் இடத்தில் சரிவாகத் தார்ப்பாய் கட்டலாம். அவசரப்பட்டுத் தளத்தின் மேல் சிமெண்டு பூசவோ தார்த்தாள் ஒட்டவோ வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி மரக்கட்டைகளை அரிக்கும்.

வீட்டை இறுகப் பூட்டி வைப்பதும் பிழை. காற்றோட்டம் இல்லாத அறையில் பூஞ்சையும் கரையானும் பெருகும். ஒருவரை அமர்த்தி, வாரத்துக்கு ஓரிரு முறையாவது கதவு சன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பழைய மின்கம்பிகளின் இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு, விளக்குக்கும் காவலுக்கும் மட்டும் தனியாக ஒரு புதிய கம்பி இழுத்துக்கொள்வது பாதுகாப்பானது. தேக்குக் கதவு, பித்தளைக் கீல், வண்ணக் கண்ணாடி, படிக்கட்டின் வார்ப்பிரும்புக் கைப்பிடி ஆகியவை திருட்டுக்கு எளிதில் இலக்காகும். ஆகவே ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படமெடுத்து, கதவுகளுக்கு எண்ணிட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். பின்னர் குத்தகை ஒப்பந்தம் எழுதும்போதும் இதே பட்டியல் உதவும்.

யாருடைய வீடு, எந்தச் சட்டத்தின் கீழ்

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், வாரிசுச் சான்று ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும். புதுச்சேரியில் பழைய ஆவணங்கள் பல, நொத்தேர் எனப்படும் ஆவண அலுவலர் முன் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடுவதற்கே நாள் பிடிக்கும். வாரிசுகள் பலர் இருந்தால், பாகப்பிரிவினை முடியும் வரை காத்திருப்பதைவிட, எல்லோரும் கையெழுத்திட்டு ஒருவருக்குப் பொது அதிகாரம் அளித்து வீட்டை நீண்ட காலக் குத்தகைக்கு விடுவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஒரே முற்றத்தைச் சுற்றி அமைந்த வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பங்கிட்டுக்கொண்டால், பிறகு எந்தப் பயனுக்கும் அது உதவாது.

அடுத்து, அந்த இடத்துக்கு எந்தெந்தக் கட்டுப்பாடுகள் பொருந்தும் என்பதைப் பார்க்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் ஒன்று அருகில் இருந்தால், 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் தடைசெய்யப்பட்டுள்ளது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை, அனுமதி பெற்றே கட்டக்கூடிய ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும் தனி அனுமதி பெற வேண்டும். கடலோர வீடுகள், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை நீளும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரலாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். சென்னையில், விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் அமைக்கப்பட்ட நீதிபதி பத்மநாபன் குழு 400-க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டிடங்களைப் பட்டியலிட்டது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் இடிப்பைத் தடுத்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு செயல்படத் தொடங்கியது. உங்கள் வீடு அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை வரைபடம் போடுவதற்கு முன்பே கேட்டறியுங்கள். பட்டியலில் இருப்பதைப் பலர் சுமையாகக் கருதுகிறார்கள். நல்ல குத்தகைதாரரைத் தேடும்போது அதுவே வீட்டின் மதிப்பைச் சொல்லும் சான்றாகவும் அமையும்.

வீட்டின் வரலாற்றையும் இதே கட்டத்தில் திரட்டிவிடலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், புதுச்சேரியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை, பழைய நில அளவை வரைபடங்கள், அக்கம்பக்கத்து முதியவர்களின் நினைவு ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். வீட்டின் எந்தப் பகுதி முதலில் கட்டப்பட்டது, எது பின்னால் சேர்க்கப்பட்டது என்பது தெரிந்தால்தான் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதில் தெளிவு பிறக்கும். புதுச்சேரியில் கீழ்த்தளம் தமிழ் முறையில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாகவும், மேல்தளம் பிரெஞ்சு முறையில் வளைவு சன்னல்களோடும் அமைந்த வீடுகள் பல. அவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் ‘அசல்’ என்று எண்ணி மற்றதைக் களைவது வீட்டைப் பாதியாக்கிவிடும்.

வீடு எதைத் தாங்கும்

இந்தப் பகுதியில் மட்டும் அவசரப்படாதீர்கள். காலனியக் கால வீடுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய தடித்த செங்கற்சுவர்களின் மேல் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தைக் கொண்டவை. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் நெருக்கமாகக் குறுக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் பதித்த அடுக்கு. அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து, மரக்கட்டைகளால் பல நாள் அடித்து இறுக்கிய படலம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து அடிப்பது வழக்கம். இந்தத் தளம் நூறாண்டுக்கு மேலும் நிற்கும், கட்டைகளின் முனைகள் சுவருக்குள் ஈரம் படாமல் இருக்கும் வரை. பழுது முதலில் தொடங்குவது அந்த முனைகளில்தான். ஆகவே ஒவ்வொரு கட்டையின் முனையையும் கூர் ஊசியால் குத்திப் பார்ப்பதும், சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பதும், கீழே மரத்தூளோ கரையான் மண்ணோ உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். இதைக் கட்டிடப் பாதுகாப்பில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் செய்ய வேண்டும். கான்கிரீட் கட்டிடங்களை மட்டுமே அறிந்தவர் பெரும்பாலும், எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதுத்தளம் போடுங்கள் என்றே சொல்வார்.

பொறியாளரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, ஒவ்வொரு மாடித் தளமும் சதுர மீட்டருக்கு எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ எடையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. உணவகத்துக்கு அது 400 கிலோ; நிலையான இருக்கைகள் இல்லாத கூட்ட அரங்குக்கு 500 கிலோ; நூலகத்தின் புத்தக அடுக்குகள் நிற்கும் அறைக்கு 600 கிலோ, அடுக்குகள் உயர்ந்தால் இன்னும் அதிகம். இந்த நான்கு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாலே, ஆசைப்பட்ட பயன்களில் பாதி மாடியிலிருந்து கீழே இறங்கிவிடும். கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருந்தாலும், நூலகத்தை மேல்தளத்தில் வைப்பது பழைய வீட்டுக்குச் செய்யும் தீங்கு; வாசிப்பு அறையை மேலேயும் புத்தக அடுக்குகளைக் கீழேயும் வைக்கலாம். நடனப் பள்ளியும் அப்படித்தான். ஒரே தாளத்தில் பலர் காலைத் தட்டும்போது மரத்தளம் அதிரும்.

அடுத்த கேள்வி நீரைப் பற்றியது. மேல்தளத்தில் குளியலறை வேண்டும் என்றால், தேக்குக் கட்டைகளுக்கு மேல் நாள்தோறும் நீர் புழங்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஏதாவது ஒரு மூட்டு ஒருநாள் கசியும்; கசிவு கண்ணுக்குத் தெரிவதற்குள் கட்டை மட்கியிருக்கும். பெரிய தோட்டத்தின் நடுவே கட்டிய ‘தோட்ட வீடுகளில்’ சமையலறையும் பணியாளர் அறைகளும் முதன்மை வீட்டிலிருந்து விலகிப் பின்புறத்தில் இருந்தன. புதிய குளியலறைகள், கழிப்பறைகள், சமையற்கூடம் ஆகியவற்றை அந்தப் பின்கட்டுக்கோ, வீட்டைத் தொடாமல் எழுப்பும் சிறு இணைப்புக் கட்டிடத்துக்கோ நகர்த்துவது பழைய அமைப்போடும் பொருந்தும், தளத்தையும் காக்கும்.

அறைகளின் வரிசையையும் பாருங்கள். ஓர் அறை வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக முடியும் என்றால் தங்கும் விடுதிக்கு அது இடைஞ்சல். கண்காட்சிக்கும் அலுவலகத்துக்கும் அதுவே வசதி. ஒரே மரப்படிக்கட்டு மட்டும் இருந்தால், தீ விபத்தின்போது மேல்தளத்தில் இருப்பவர்கள் வெளியேற இரண்டாவது வழி வேண்டும். அதை வெளிப்புறத்தில் இரும்பில் அமைக்க இடம் உண்டா? சக்கர நாற்காலியில் வருபவர் தாழ்வாரத்தின் படிகளைக் கடக்கச் சாய்தளம் எங்கே வரும்? இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு கிடைக்கும் வரைபடமே, உண்மையில், உங்கள் வீடு ஏற்கும் பயன்களின் பட்டியல்.

பயனைத் தேர்ந்தெடுத்தல்

பாரம்பரிய இடங்களின் பாதுகாப்புக்கான பர்ரா சாசனம் இணக்கமான பயன் என்று ஒன்றைச் சொல்கிறது: இடத்தின் சிறப்பை மதித்து, அதை மிகக் குறைவாகவே பாதிக்கும் பயன். நடைமுறையில் இதை ஓர் எளிய சோதனையாக மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு பயனுக்கும் எத்தனை சுவர்களை உடைக்க வேண்டும், எத்தனை கழிப்பறைகள் புதிதாக வேண்டும், எந்தத் தளத்தை வலுப்படுத்த வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். குறைவாக உடைப்பதைத் தேர்ந்தெடுங்கள். வருவாய் இரண்டாம் அளவுகோல்.

நம் ஊரில் இதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. ஜேம்ஸ் பிராடி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடையாற்றங்கரையில் கட்டிய பிராடி காசில் இன்று அரசு இசைக் கல்லூரியின் இடம். பெரிய கூடங்களும் சுற்றிலும் மரங்களும் கொண்ட வீட்டுக்கு இசை வகுப்பைவிடப் பொருத்தமான பயனைச் சொல்வது கடினம். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் உதகமண்டலத்தில் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது; கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் 1819-இல் கட்டிய வீடு சீரமைக்கப்பட்டு நீலகிரியின் வரலாற்றைச் சொல்லும் நினைவகமாக உள்ளது. மெரினாவை நோக்கி நிற்கும் ஐஸ் ஹவுஸ் இன்னும் சுவையான கதை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்த அந்தக் கட்டிடம், பனிக்கட்டி வணிகம் நொடித்த பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்பலட்சுமியின் முயற்சியில் இளம் விதவைகளுக்கான விடுதியானது. இப்போது விவேகானந்தர் இல்லமாக இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஒரு கட்டிடத்துக்கு ஒரே ஒரு ‘சரியான’ பயன்தான் உண்டு என்று எண்ணிக் குழம்புவோர் இந்த வரிசையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

விடுதி என்பது இன்று எல்லோரும் நினைக்கும் பயன். புதுச்சேரியில் ரோமென் ரோலன் தெருவில் ஒரு காலத்தில் கல்வித் துறை அலுவலகமாக இருந்த கட்டிடமும், தரங்கம்பாடியில் ஆங்கிலேய ஆட்சியரின் இல்லமாக இருந்த கடலோரக் கட்டிடமும் விடுதிகளாகி நன்றாகவே நிற்கின்றன. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய விடுதி என்ற தகுதியை 1950-க்கு முன் கட்டப்பட்ட, குறைந்தது 5 அறைகள் கொண்ட கட்டிடங்களுக்கு அளிக்கிறது. அவ்வளவு பெரிய முதலீடு வேண்டாம் என்றால், உரிமையாளர் குடும்பத்தோடு அங்கேயே வசித்துக்கொண்டு 1 முதல் 6 அறைகள் வரை விருந்தினருக்கு விடும் திட்டமும் உண்டு. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரு குடும்பம் திரும்பி வருவது இதன் பெரிய பலன். ஆனால் அறைதோறும் குளியலறை, அறைதோறும் குளிர்சாதனம் என்ற விடுதியின் அடிப்படைத் தேவையே பழைய வீட்டின் பலவீனமான இடத்தைத் தொடுகிறது. பின்கட்டு இல்லாத, மேல்தளத்தில் மட்டுமே நல்ல அறைகள் கொண்ட வீட்டை விடுதியாக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உணவகம் கீழ்த்தளத்துக்கும் முற்றத்துக்கும் ஏற்றது. சமையல் மட்டும் பின்கட்டில் நடக்க வேண்டும், ஏனெனில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்புச் சுவரில் படிந்தால் போகாது. சிறிய அலுவலகம், மொழிப் பள்ளி, கைத்தொழிற்கூடம், மழலையர் காப்பகம், மருத்துவரின் ஆலோசனை அறைகள் போன்றவற்றுக்குப் பெயரும் புகழும் குறைவு. வீட்டுக்கு நல்லவையோ இவைதான்: பகலில் இயங்குபவை, நீர் குறைவாகப் புழங்குபவை, சன்னல்களைத் திறந்து வைப்பவை. ஆரம்ப முதலீடும் குறைவு. திருமண மண்டபம் ஒரு பழைய வீட்டுக்கு நேரக்கூடிய மிக மோசமான பயன் என்பது என் உறுதியான கருத்து. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரின் எடை, அலங்காரத்துக்காக அடிக்கப்படும் ஆணிகள், மின்சுமை, வாகன நெரிசல் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் செய்யும் சேதத்தைப் பத்தாண்டு வாடகை ஈடுசெய்யாது.

ஒரே பயனை வீடு முழுவதற்கும் பொருத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தெருப் பக்கத்து அறைகள் கடைக்கும், கூடம் கண்காட்சிக்கும், மேல்தளம் அலுவலகத்துக்கும், பின்கட்டு காவலர் குடும்பத்துக்கும் என்று பிரித்துவிட்டால், ஒரு குத்தகைதாரர் வெளியேறினாலும் வீடு மறுபடி பூட்டப்படாது.

முடிவெடுக்குமுன் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. பாதுகாப்பானவை என்று பொறியாளர் சொன்ன இரண்டு அறைகளை மட்டும் வெள்ளையடித்து, ஒரு மாதக் கண்காட்சிக்கோ வார இறுதி வகுப்புகளுக்கோ கொடுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், வண்டிகள் எங்கே நிற்கின்றன, எந்நேரம் எந்த அறை வெப்பமாக இருக்கிறது, அண்டை வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் கணக்குத் தாளில் தெரியாதவை.

சீரமைப்பில் கவனிக்க வேண்டியவை

சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பாலேயே பழுதுபார்க்க வேண்டும். கடலோரத்தில் தரையிலிருந்து ஓதம் ஏறுவதும் சுவரில் உப்புப் பூப்பதும் இயல்பு. சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதே சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் இன்னும் உயரத்துக்கு ஏறி, மேலே உள்ள பூச்சையும் செங்கல்லையும் பொரியச் செய்யும். ஏற்கெனவே யாராவது சிமெண்டு பூசியிருந்தால், செங்கல் உடையாமல் அதைக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடைக்காலம் முழுவதும் உலரவிட்டு, பிறகு காரை பூசுவது நல்லது. மேற்பூச்சுக்கும் பிளாஸ்டிக் கலந்த வண்ணங்களைத் தவிர்த்துச் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்; புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களுக்கு வேண்டிய நிறத்தை அதிலேயே கலக்கலாம்.

இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்து வருகிறார்கள். செட்டிநாட்டிலும் புதுச்சேரியிலும் இன்னும் கிடைக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும், ஏனெனில் சுண்ணாம்பு நீறவும், கலவை புளிக்கவும், பூச்சு படிப்படியாக இறுகவும் நாள்கள் ஆகும். ஒப்பந்தத்தில் விரைவுக்குப் பரிசு வைப்பது இந்த வேலையைக் கெடுப்பதற்கான நிச்சயமான வழி. மட்கிய கட்டை முனையை மட்டும் வெட்டி அதே மரத்தால் ஒட்டுப் போடுவது, முழுத் தளத்தையும் மாற்றுவதைவிட மலிவு.

புதிதாகச் சேர்ப்பவை அனைத்தும், பின்னொரு நாளில் சுவரைக் காயப்படுத்தாமல் கழற்றக்கூடியவையாக இருக்கட்டும். தடுப்புகள் கூரையைத் தொடாமல் நிற்கலாம். மின்கம்பிகளைச் சுவரைக் கீறிப் புதைக்காமல் வெளியே குழாயில் ஓட்டலாம். உயரமான கூரை, எதிரெதிர் சன்னல்கள், சாய்வு மரச்சட்டங்கள் கொண்ட வெனிசியக் கதவுகள், தாழ்வாரம் ஆகியவை வெயிலுக்கென்றே அமைந்தவை. அவற்றைச் செயல்பட வைத்து, மின்விசிறி மாட்டிய பிறகும் போதாது என்று தோன்றும் அறைக்கு மட்டும் குளிர்சாதனம் வையுங்கள். அதன் வெளிக்கருவியைத் தெருமுகப்பில் தொங்கவிட வேண்டாம். அதிலிருந்து சொட்டும் நீருக்கும் தனிக் குழாய் வேண்டும்.

பணமும் குத்தகையும்

வேலையைக் கட்டங்களாகப் பிரியுங்கள்: முதலில் கூரையும் வடிகாலும், அடுத்துச் சுவரும் மரமும், பிறகு மின்சாரமும் கழிப்பறைகளும், கடைசியில் அலங்காரம். கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் தயாரானதும் அவற்றை வாடகைக்கு விட்டு, அந்த வருவாயில் அடுத்த கட்டத்தைத் தொடங்கலாம். நூலகம், நினைவகம் போன்ற பொதுப்பயனுக்கு வீட்டை அறக்கட்டளை வழியாக ஒதுக்க விரும்பினால், வரலாற்றுச் சிறப்புள்ள கட்டிடங்களின் மீட்பைச் சமூகப் பொறுப்புச் செலவாக 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை ஏற்கிறது என்பதை நிறுவனங்களிடம் எடுத்துச் சொல்லலாம். சொந்த விடுதிக்கு அந்தக் கதவைத் தட்டுவதில் பொருளில்லை.

குத்தகைதாரரே சீரமைக்கும் ஏற்பாடானால், அவர் போட்ட பணத்தை மீட்கும் அளவுக்குக் காலம் நீண்டதாக இருக்க வேண்டும். மூன்றாண்டுக் குத்தகையில் யாரும் தேக்குக் கட்டையை மாற்ற மாட்டார்கள், வண்ணம் மட்டும் அடிப்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. ஒப்பந்தத்தில் வழக்கமான வாடகை, முன்பணம் ஆகியவற்றோடு சில தனி விதிகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: முதலில் எடுத்த படப் பட்டியலில் உள்ள கதவு, சன்னல், தரை ஓடு, படிக்கட்டு எதையும் எழுத்துப்பூர்வ இசைவின்றி மாற்றக் கூடாது, ஒவ்வொரு தளத்திலும் எத்தனை பேர் வரை கூடலாம், சிமெண்டுப் பூச்சு கூடாது, ஆண்டுதோறும் செப்டம்பருக்குள் மொட்டை மாடித் தூம்புகளைத் துப்புரவாக்குவது யார் பொறுப்பு, உரிமையாளரின் பொறியாளர் ஆண்டுக்கு இருமுறை பார்வையிட வரலாம், தீக்காப்பீட்டுத் தொகையைக் கட்டுவது யார். இவற்றுள் தூம்பைப் பற்றிய விதிதான் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் பிற்காலத் தகராறுகளில் அதிகம் அடிபடுவதும் அதுதான், ஏனெனில் கசிந்த தளத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

வாடகையில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, வாரிசுகளுக்குப் பங்கிடுவது அதற்குப் பிறகே என்று குடும்பத்துக்குள் எழுதிக்கொள்வதும் நல்லது.

திறந்த பிறகு

புதிய பயன் தொடங்கிய முதல் ஓராண்டு வீட்டுக்கும் சோதனைக்காலம். பழைய விரிசல்களின் குறுக்கே சிறு கண்ணாடிப் பட்டைகளைச் சாந்தால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். பட்டை உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள், உடனே பொறியாளரை அழைக்க வேண்டும். முதல் பெருமழை பெய்து முடிந்த மறுநாள் காலை, ஒவ்வொரு கூரையையும் கட்டை முனைகளையும் விளக்கோடு பார்த்து, ஈரம் கண்ட இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கதவுகள் புதிதாக இறுகினால் தளம் தாழ்கிறதா என்று பாருங்கள். மேல்தளத்தில் கூட்டம் ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணிக்கையைத் தாண்டுகிறது என்று தெரிந்தால், குத்தகைதாரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அன்றே சொல்லிவிடுங்கள். இந்தக் குறிப்புகளை ஒரே ஏட்டில் ஆண்டுவாரியாக எழுதி வந்தால், அடுத்த குத்தகைதாரரோ அடுத்த தலைமுறையோ வேறொரு பயனைத் தேடும்போது, வீடு எதைத் தாங்கும் என்ற ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.